மேடை ஓரத்து நடராஜர்

மார்கழியில் மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ நாட்டியம் பார்க்கப் போனால் பெரும்பாலும் மேடையின் ஒரு மூலையில் நடராஜர் நிற்பார். சரம் சரமாய்ப் பூ, பக்கத்தில் குத்துவிளக்கு. ஆடுபவர் அவரை வணங்கிவிட்டுத்தான் நடுமேடைக்கு வருவார். நிகழ்ச்சி முடிந்ததும் சிலையைத் துணியில் சுற்றி எடுத்துப் போய்விடுவார்கள். அதுவரை அங்கே நின்றது சாமியா, மேடைப் பொருளா?

இந்த வழக்கம் பழையதல்ல. 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபையில் ருக்மிணி தேவி அருண்டேல் ஆடினார். அடுத்த ஆண்டே அவர் தொடங்கிய கலாக்ஷேத்ரா கலைப்பள்ளி பிறந்தது. பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிரில் ஆடுபவருக்குப் பின்னால் நின்று வாசித்த பக்கவாத்தியக்காரர்களை மேடை ஓரத்தில் உட்கார வைத்தார். கோயில் சிற்பங்களைப் பார்த்து உடை வகுத்தார். தைக்க மேடம் காஸான் என்ற இத்தாலியப் பெண்மணி உதவினார். ஒளியமைப்பை அலெக்ஸ் எல்மோரும் கான்ராட் வோல்ட்ரிங்கும் கவனித்தார்கள். நடராஜர் மேடையேறியதும் இந்த மாற்றங்களோடுதான். டிக்கெட் வாங்கி உட்காரும் அரங்கும் வழிபாட்டு இடமாக வேண்டும் என்பது ருக்மிணி தேவியின் நம்பிக்கை.

நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதிக்கு இது உடன்பாடில்லை. வீணை தனம்மாளின் பேத்தி அவர். 1925-ல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் ஒரு கோயிலில் அரங்கேறியவர். 1975-ல் சென்னைத் தமிழிசைச் சங்க மாநாட்டில் தலைமையுரை ஆற்றியபோது நாட்டியக் கச்சேரியின் வரிசையையே கோயிலாகக் காட்டினார். அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரம் அர்த்த மண்டபம், சப்தம் பெரிய மண்டபம், வர்ணம் தெய்வத்தின் சன்னதி.

ஆட்டமே கோயில் என்றால் மூலையில் இன்னொரு சன்னதி எதற்கு?

வீட்டுப் பூஜையில் ஒரு பதில் கிடைக்கிறது. மஞ்சளைப் பிடித்து வைத்துப் பிள்ளையாரை அதில் எழுந்தருளச் செய்கிறோம். பூஜை முடிந்ததும் வழியனுப்பிவிடுகிறோம். நடுவில் அது வெறும் மஞ்சள் என்று யாரும் சொல்வதில்லை. மேடை நடராஜரும் அப்படி வந்து போகலாம். ஆனால் அவரை அழைப்பது யார்? பூவும் விளக்கும் அழைத்துவிடாது. வர்ணத்தில் மனம் கரையாமல் ஆடினால் அவர் வெறும் வெண்கலம்தான். இந்த இடத்தில் பாலசரஸ்வதி சொன்னதே சரி.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதைத் தடுத்த 1947-ஆம் ஆண்டுச் சட்டம், அவர்கள் சன்னதியில் ஆடுவதையும் நிறுத்தியது. தலைமுறை தலைமுறையாய்ச் சாமி முன் ஆடிய குடும்பத்துப் பெண்கள் கோயிலையும் இழந்தார்கள், புது மேடையிலும் அவர்களில் மிகச் சிலருக்கே இடம் கிடைத்தது. அடுத்த முறை அந்த நடராஜரைக் கும்பிடும்போது அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.