அழுகைக்கு யார் சாட்சி?

உடல் ஒட்டிய இரட்டைக் குழந்தைகள் பிறந்தன என்ற செய்தி வேலூர் லாங் பஜாரில் பரவட்டும். முற்பிறப்பின் பாவம் என்பார் ஒருவர், கிரகணத்தின் கேடு என்பார் மற்றொருவர், கைகூப்பித் தெய்வம் என்பார் வேறொருவர். கூப்பிடு தூரத்தில் சி.எம்.சி. மருத்துவமனை இருந்தும் இந்தப் பேச்சு! பீகாரில் நான்கு கை, நான்கு காலுடன் பிறந்த பெண் மகவை லட்சுமியின் அவதாரம் என்று வணங்கினர். 2007 நவம்பரில் பெங்களூர் மருத்துவர்கள் ஒரு நாளுக்கும் மேலாக அறுவை செய்து, தலையற்ற உடன்பிறப்பின் உறுப்புகளை அகற்றினர். தெய்வம் குழந்தையாயிற்று, நடந்தது.

வைதீகத்தைச் சாடுதல் நமக்கு எளிது, தோழர்களே! ஆனால் அறிவியலின் அவையிலேயே ஒரு மூடநம்பிக்கை கொலுவிருந்ததை அறிவீர்களா? பச்சிளங் குழந்தைக்கு வலி தெரியாது என்பதே அது. நரம்பு முதிரவில்லை, நினைவில் நிற்காது என்றனர். வலி நீக்கும் மருந்து அச்சிற்றுயிரைக் கொன்றுவிடும் என்றும் அஞ்சினர். (அந்த அச்சத்திலாவது இரக்கம் இருந்தது.) ஆகவே 1980களிலும் தசைகளை அசைவற்றுக் கிடத்தும் மருந்தைக் கொடுத்து, போதிய வலிநீக்கி இன்றிக் கத்தி வைத்தனர். அசைய முடியாத குழந்தை அழுவது எங்ஙனம்? சாட்சியின் வாயைக் கட்டிவிட்டுச் சாட்சியமில்லை என்று வழக்கைத் தள்ளிய நீதி அன்றோ இது!

அவ்வழக்கை மீண்டும் விசாரித்தவருள் முதன்மையானவர் ஓர் இந்தியர். ஆக்ஸ்போர்டில் ஆராய்ந்த கன்வல்ஜீத் ஆனந்த், இதய அறுவைக்கு வந்த குறைமாதக் குழந்தைகளுள் ஒரு சாராருக்கு வழக்கமான வாயுவும் தசைதளர்த்தியும் மட்டும், மறுசாராருக்கு அவற்றோடு ஃபென்டானில் என்னும் வலிநீக்கியும் அளிக்கச் செய்தார். வலிநீக்கி பெறாத குழந்தைகளின் குருதியில் சுரப்பிகளின் கொந்தளிப்பு மிகுந்தது. அறுவைக்குப் பின் தொல்லைகளும் மிகுந்தன. 1987இல் 'லான்செட்' இதழ் இதனை வெளியிட்டது. வாய் பேசாததை இரத்தம் பேசியது.

இந்த ஊர்ப் பக்கம் தோல் தொட்டியில் இறங்கும் தொழிலாளியைக் காட்டி, "அவனுக்குப் பழகிப்போயிற்று" என்கிறார்களே, அதுவும் இதே தருக்கந்தான். கேட்க விரும்பாதவன் கேளாச் செவியோடு வலியில்லை என்று தீர்ப்பெழுதுகிறான். வலியில்லை என்பவனல்லவா அதை மெய்ப்பிக்க வேண்டும்?

ஒட்டிப் பிறந்தோரிடம் இக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. குருதிக்குழாய்கள் இணைந்திருப்பின், ஒன்றுக்குச் செலுத்திய மருந்து மற்றதையும் மயக்கும். அன்றிப் பகிர்ந்துபோய், உரியதற்கே போதாமற் போகும். ஆதலின் மயக்க மருத்துவர் இரு குழுவினர், கருவிகளும் இரண்டு. குழாய்கள் மாறாதிருக்க ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நிறம். ஊரார் ஒரு பாவம் என்றும் ஒரு தெய்வம் என்றும் எண்ணிய அவ்வுடலை, அந்த அறையில் நிற்போர் கத்தி படுமுன்பே இருவர் என்று எண்ணிவிடுகின்றனர்.