போர் நினைவுக்கல்லும் புத்த தம்மமும்

கொல்லாமையை முதற் சீலமாக ஏற்ற உபாசகர், போரில் மடிந்தார்க்கு நாட்டிய கல்லின்முன் வணங்கி நிற்றல் தகுமா? சிவாஜிநகரில் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் நிறுவிய தண்டினைச் சார்ந்து வளர்ந்தது நமது பேட்டை. அண்டையிலுள்ள அல்சூரில் மதராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையிடம் உள்ளது. பட்டாளத்துச் சோறுண்டு வளர்ந்த குடும்பங்கள் நம்மிடையே பல. பிரிகேடு சாலையில் அப்படையினரின் நினைவுத் தூண் நிற்கின்றது. நேரு கோளரங்கத்துக்கு அருகிலுள்ள தேசிய இராணுவ நினைவிடத்திலும், புதுதில்லியில் 2019 பிப்ரவரி 25-இல் திறக்கப்பெற்ற தேசியப் போர் நினைவகத்திலும், விடுதலைக்குப் பின் உயிர்நீத்தோர் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன.

சம்யுத்த நிகாயத்தில் யோதாஜீவன் என்னும் படைத்தலைவன், போர்க்களத்தில் ஊக்கத்துடன் பொருது மடிபவன் தேவருலகு எய்துவான் என்று ஆசிரியர்கள் உரைப்பது மெய்யோ எனப் பகவன் புத்தரை வினவினான். இருமுறை மறுத்த பகவர், மூன்றாம் முறை, பிறர் அழிக என்னும் எண்ணத்தோடு மடிபவனுக்கு நற்கதி இல்லை என அருளினார். அவன் அழுதான், பகவர் உரை சுட்டதனால் அன்று, நெடுங்காலம் ஆசிரியரால் ஏமாற்றப்பட்டோமே என்று அழுதான். வீரசுவர்க்கம் என்பது பிறரைக் களத்துக்கு அனுப்புவோர் காட்டும் ஆசை வார்த்தை என்பது இதனால் விளங்கும்.

ஆயின் நினைவுக்கல்லை இகழ்தல் தம்மமாகுமோ? ஆகாது. கொலையைப் போற்றுதல் வேறு. மாண்ட மனிதனை நினைத்தல் வேறு. பசியாலும், ஊரில் கிட்டாத மதிப்பை நாடியும் பட்டாளம் புகுந்தோர் எத்துணையோ பேர்! முதல் உலகப் போரில் மெசொப்பொத்தேமியாவில் மடிந்து, கல்லறையும் அறியப்படாத நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோருக்காக பாஸ்ராவில் நினைவகம் எழுந்தது. அதில் ஆங்கிலேயர் பெயரும் இந்திய அதிகாரிகள் பெயரும் பொறிக்கப்பட்டன; சாதாரண இந்தியச் சிப்பாய்களோ வெறும் எண்ணிக்கையாக நின்றனர். இத்தகைய வேற்றுமைக்காகப் பிரிட்டிஷ் அரசு மன்னிப்புக் கோரியது 2021-இல்தான். சேரியில் பிறந்து, ஊரார் வாயில் சாதிப் பெயராக மட்டுமே வாழ்ந்த ஒருவன் அவருள் இருந்தால், அவன் மாண்ட பின்னும் மனிதனாக எண்ணப்படவில்லை அன்றோ?

பெயர் என்பது வழக்கே, அதனுள் நிலையான ஆன்மா இல்லை என நாகசேனர் மிலிந்த மன்னனுக்கு உணர்த்தினாரே எனச் சிலர் வினவலாம். உண்மையே. ஆனால் வழக்கெனினும் ஒருவருக்கு வழங்கி மற்றொருவருக்கு மறுப்பது அனாத்ம ஞானம் அன்று, அவமதிப்பே.

அசோக மன்னரின் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டையும் நோக்குக. கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டனர், ஒன்றரை லட்சம் பேர் சிறைகொண்டு செல்லப்பட்டனர் என அது கூறுகின்றது. வென்றவன் தன் பகைவரின் இழப்பை எண்ணி வருந்திய கல் அது! நம் காலத்து நினைவுக்கற்கள் தம்மவரை மட்டுமே எண்ணுகின்றன. எஞ்சியதை நம் நெஞ்சம் நிரப்புதல் வேண்டும்.

ஆகவே உபாசகர் அக்கற்களின்முன் தாராளமாகச் செல்லலாம். சுவர்க்கம் பேசவேண்டா, வெற்றி முழக்கம் வேண்டா. பெயரை வாய்விட்டுப் படித்து, தாம் செய்த நற்செயலின் புண்ணியத்தை மாண்டவருக்கும், அவரால் மாண்டவருக்கும் பகிர்ந்தளிக்கட்டும். களத்தில் காணாமற்போன மைந்தனின் உடலைப் பெறாத தாயும் இதனைச் செய்யலாம். புண்ணியானுமோதனைக்கு உடல் வேண்டுவதில்லை. இனி ஒரு பெயரும் அக்கல்லில் ஏறாதிருக்கப் பாடுபடுதலே மாண்டார்க்கு நாம் செய்யும் மெய்யான வணக்கமாகும்.