அடுத்து என்ன? நீயே சொல்!

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று ஊரெல்லாம் ஒரே கேள்விதான். எதிர்வீட்டு அக்கா கேட்பார், வெளியூர் மாமா போனில் கேட்பார், பால்காரர்கூட சைக்கிளை நிறுத்திக் கேட்பார்: "அடுத்து என்ன படிக்கப் போறே?"

சில வீடுகளில் மட்டும் அந்தக் கேள்வி வாசற்படியோடு நின்றுவிடுகிறது. சக்கர நாற்காலியில் இருக்கும் பையனிடம், "பாஸாயிட்டியா? ரொம்ப சந்தோஷம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பார்வையில்லாத பெண் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், கேள்வி அவளைத் தாண்டி அவள் அம்மாவிடம் போகும்: "பாவம், இனிமே இவளை என்ன பண்றதா உத்தேசம்?" இரவெல்லாம் விழித்துப் படித்தவள் மகள். பதில் மட்டும் தாய் சொல்லவேண்டும்!

தம்பி, தங்கையே, உன்னைக் கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியை நீயே கையில் எடு. "என்னைக் கேளுங்கள், நான் சொல்கிறேன்" என்று நிமிர்ந்து சொல். அப்படிச் சொல்லவேண்டுமானால் உன்னிடம் பதில் இருக்கவேண்டும். ரிசல்ட் அன்று காலையில் அது முளைத்துவிடாது. ஒன்பதாம் வகுப்பிலேயே விதைத்தால்தான் பன்னிரண்டாம் வகுப்பில் அறுக்கலாம்.

டி.சி.யில் எழுதாத விஷயம்

பள்ளிக்கூடம் உன்னை அறிந்த இடம். உன் பையைத் தூக்க ஒரு நண்பன் இருந்தான். கணக்கு டீச்சர் கேட்காமலே பெரிய எழுத்தில் எழுதிப் போட்டார். பொதுத்தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவரையும் கூடுதல் நேரத்தையும் தலைமையாசிரியர் விண்ணப்பித்து வாங்கினார். மதியம் அம்மா வந்து சோறு ஊட்டினார்.

கல்லூரி வாசலில் உன்னைத் தெரிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார். டி.சி.யில் உன் பெயர் இருக்கும், பிறந்த தேதி இருக்கும், நன்னடத்தை இருக்கும். உனக்கு முன்பெஞ்சு வேண்டும் என்பது இருக்காது. மாடி வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றவேண்டும் என்பது இருக்காது. அதைச் சொல்ல நீதான் இருக்கிறாய். உன் வாய், உன் கைச்சைகை, உன் எழுத்து.

அமெரிக்காவில் சிறப்புக் கல்விச் சட்டப்படி, மாணவருக்கு 16 வயது ஆகும்போது பள்ளி அவரோடு உட்கார்ந்து ஒரு திட்டம் எழுதியாக வேண்டும். மேற்படிப்பு என்ன, வேலை என்ன, தனித்து வாழ எதைக் கற்கவேண்டும் என எல்லாமே அதில் வரும். அப்படி ஒரு தாளை யாராவது நீட்டுவார்கள் என்று நீ காத்திராதே. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இன்றே திற!

கேள், கெஞ்சாதே!

முதலில் ஒரு பொய்யை உடைப்போம். "சொந்தக்காலில் நிற்பது" என்றால் யார் உதவியும் இல்லாமல் வாழ்வது என்று உனக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். உலகில் அப்படி வாழ்பவர் யார்? கலெக்டருக்கு டிரைவர் உண்டு, டாக்டருக்கு நர்ஸ் உண்டு. அவர்களை யாரும் பாவம் என்பதில்லை. எந்த உதவி, எப்போது, எப்படி என்பதை அவர்களே தீர்மானிக்கிறார்கள். நீயும் தீர்மானி. அதுதான் சொந்தக்கால்.

தென்காசிப் பக்கம் ஆய்க்குடிக்குப் போய்ப் பார். எஸ். ராமகிருஷ்ணன் என்ற இளைஞர் 1975-இல் கடற்படை அதிகாரி தேர்வுக்குப் போன இடத்தில் அடிபட்டார். கழுத்துக்குக் கீழே உடல் அசைய மறுத்துவிட்டது. 1981-இல் அவர் தொடங்கிய அமர் சேவா சங்கம்தான் இன்று எத்தனையோ குழந்தைகளுக்குப் பள்ளியாக, மருத்துவமாக, தொழிற்பயிற்சியாக நிற்கிறது. 2020-இல் நாடு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. பிறர் கைகளைக் கொண்டு உண்டவர், பிறர் கைகளைக் கொண்டே ஒரு நிறுவனத்தைக் கட்டினார். முடிவு மட்டும் எப்போதும் அவருடையது.

உனக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொள்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ளவர்களுக்கு அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம். வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வு. அரசு வேலையில் குறைந்தது 4 சதவீதம். இவை எவருடைய இரக்கமும் போட்ட பிச்சை அல்ல. நாடாளுமன்றம் எழுதிக் கொடுத்த உரிமை!

உரிமை கேட்கப் பிறந்தது. நரம்புக் கோளாறால் கையால் எழுத முடியாத விகாஷ் குமார் என்ற இளைஞர், குடிமைப்பணித் தேர்வில் சொல்வதை எழுதுபவர் வேண்டும் என்றார். 40 சதவீத வரையறைக்குள் நீ வரமாட்டாய் என்று மறுத்தார்கள். அவர் விடவில்லை. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒருவர் வாய் திறந்ததால் நாடு முழுவதும் எத்தனை பேருக்கு வழி திறந்தது என்று எண்ணிப் பார்!

உன் தேவையை ஒரே வாக்கியத்தில் சொல்லப் பழகு. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்.

"எனக்கு இடது காது கேட்காது, வலப்பக்கம் நின்று பேசுங்கள்."

"கரும்பலகை எனக்குத் தெரியாது, பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போனில் கேட்டுக்கொள்வேன்."

"மூன்று வேலையைச் சேர்த்துச் சொன்னால் எனக்குக் குழம்பும்; ஒவ்வொன்றாக எழுதிக் கொடுங்கள், முடித்துவிடுவேன்."

இதில் எங்கே கெஞ்சல் இருக்கிறது? கூச்சம் எதற்கு? கண்ணாடி போட்டவர் கண்ணாடிக்கு வெட்கப்படுகிறாரா?

பதக்கம் வேண்டாம், பஸ் டிக்கெட் எடு!

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் ஐந்து வயதுச் சிறுவனின் வலது காலில் பேருந்து ஏறியது. அம்மா காய்கறி விற்று வளர்த்த அந்த மாரியப்பன் தங்கவேலு, 2016-இல் ரியோவில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக்கிலும் மேடை ஏறினார். சென்னையின் பெனோ செபைன் பிறவியிலேயே பார்வையற்றவர். வீட்டார் வாசிக்கக் கேட்டும், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளைக் கொண்டும் படித்தார். வங்கி அதிகாரியானார். 2015-இல் முழுப் பார்வையிழப்புடன் இந்திய வெளியுறவுப் பணிக்குத் தேர்வான முதல் பெண்ணானார்.

இவர்களைப் பார்த்து நெஞ்சு நிமிர்த்து. ஆனால் ஒன்றை மறக்காதே. பதக்கம் வாங்கினால்தான் உனக்கு மதிப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதே! உன் தெருவில் கால் நன்றாக உள்ள பையன்கள் எல்லாரும் ஒலிம்பிக்கா போனார்கள்? கூட்டுறவு வங்கியில் கணக்கெழுதும் வேலையும் வெற்றிதான். செல்போன் பழுதுபார்க்கும் கடையும் வெற்றிதான். முதல் சம்பளத்தில் தங்கைக்குச் சுடிதார் எடுத்துக் கொடுப்பதைவிடப் பெரிய மேடை எது?

அந்த மேடைக்குப் படிக்கட்டுகள் சின்னவை. இந்த வருடமே ஏறு.

ஒன்று, உன் காகிதம் உன் கையில் இருக்கட்டும். மருத்துவச் சான்று, மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டை, ஆதார், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றிலும் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கிறதா பார். ஓர் எழுத்துப் பிழை சேர்க்கை நேரத்தில் உன்னை வரிசையிலிருந்து இறக்கிவிடும். தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் மாற்றுத்திறனாளிகளுக்கான கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே நடக்கும். அப்போது ஓடித் தேடாதே.

இரண்டு, தனியாகப் பயணம் செய். முதலில் முக்குக்கடை, பிறகு நூலகம், பிறகு பக்கத்து ஊர். வழி தவறும். தவறட்டும்! கேட்டுத் திரும்பி வந்த அன்று உனக்கு ஓர் அங்குலம் உயரம் கூடியிருக்கும்.

மூன்று, கருவியைப் பழகு. என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசம். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு இளைஞர்கள் உருவாக்கியது அது. உனக்கான கருவியை உன்னைப் போன்றவர்களே செய்திருக்கிறார்கள், எடுத்து ஓட்டு!

நான்கு, பணத்தைத் தொடு. உன் பெயரில் வங்கிக் கணக்கு, உன் கையில் ஏ.டி.எம். அட்டை, மாதக் கணக்கை நீயே எழுது.

ஐந்து, எங்கே இடம் இருக்கிறது என்று தேடு. சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்தவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. இடம் இருப்பது தெரியாமலே வீட்டோடு முடங்கியவர்கள் போதும். நீ அந்தக் கணக்கில் சேராதே.

பெற்றோரே, ஒரு நிமிடம்

"நாங்க இருக்கிற வரைக்கும் பாத்துக்குவோம்" என்கிறீர்கள். அந்தப் பாசத்தைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் நீங்கள் இல்லாத நாளில்? ஒவ்வொரு தாயும் நடுராத்திரியில் விழித்துக்கொண்டு நினைக்கும் நினைப்பு அதுதானே? அழுவதால் அந்த நாள் தள்ளிப்போகாது. பிள்ளைக்கு இன்று சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொடுத்தால் அந்த நாளின் பயம் ஒரு பொத்தான் அளவு குறையும்.

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இதையும் அறிந்துகொள்ளுங்கள். பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும், பெற்றவர் என்பதாலேயே நீங்கள் சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிடமாட்டீர்கள். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய குழுவிடம் அதற்கு விண்ணப்பிக்க வழி உண்டு. அதற்கு முன், பிள்ளை என்ன விரும்புகிறது என்று கேளுங்கள். பேச்சு வராத பிள்ளையும் பிடித்த சட்டையைக் கைகாட்டும். அந்த விரலைப் பின்பற்றுங்கள். வேலையைக்கூட அது காட்டும்.

உங்கள் குரலுக்கும் வலிமை உண்டு. மத்தியப் பிரதேசத்தில் பார்வையற்றோரை நீதிபதி தேர்விலிருந்து விலக்கிய விதியை எதிர்த்து ஒரு தாய் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். பார்வையின்மையைக் காட்டி ஒருவரையும் நீதித்துறைப் பணியிலிருந்து விலக்கக்கூடாது என்று 2025 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. வாசல் மூடியிருக்கும்போது தாய் தட்டினார். திறந்தபின் நடந்து போகவேண்டியது பிள்ளை.

தம்பி, தங்கையே, இன்று ராத்திரி அந்த நோட்டை எடு. முதல் பக்கத்தில் மூன்றே வரி எழுது. எழுத முடியாவிட்டால் சொல்லி எழுதவை. நான் ஆக விரும்புவது இது. எனக்குத் தெரிந்தது இது. எனக்குத் தேவைப்படுவது இது. மாதம் ஒருமுறை திருத்து. அடித்து எழுது. கிழித்துவிட்டும் எழுது. ரிசல்ட் வருவதற்குள் அந்த மூன்று வரி உனக்கு மனப்பாடமாகியிருக்கும்.

அன்றும் எதிர்வீட்டு அக்கா வருவார். உன்னைத் தாண்டி அம்மாவைப் பார்த்துத்தான் கேட்பார்.

அம்மா, அந்த ஒரு நிமிடம் மட்டும் நீங்கள் பதில் சொல்லாதீர்கள். உங்கள் பிள்ளை பக்கம் திரும்புங்கள்.