ஒரு நிரல், பல இயக்கங்கள்: சாமானியமும் விசேடமும்

பல பொருள்கள் ஓரினம் எனப்படுவது எதனால், அவற்றுள் ஒன்று மற்றொன்றன்று எனப்படுவது எதனால் என்னும் இரட்டை வினாவை இந்தியத் தத்துவ மரபில் வைசேடிகர் விரிவாக ஆராய்ந்தனர். பசுக்கள் அனைத்திலும் ஒன்றாய் நிற்கும் பசுத்தன்மை போன்ற பொதுமையைச் சாமானியம் என்றும், இனி வேறெதனாலும் பிரித்தறிய இயலாதவற்றைப் பிரிக்கும் இறுதி வேறுபாட்டை விசேடம் என்றும் அவர்கள் வகுத்தனர். மணிமேகலையின் 27-ஆம் காதையில் வைசேடிகவாதி கூறும் பொருள்வகைகளிலும் இவ்விரண்டும் இடம்பெறுகின்றன. உறுப்புகளால் ஆன பொருள்களை உறுப்புகளே வேறுபடுத்திவிடுவதால், முற்றும் ஒத்த அணுக்கள் போன்ற நித்தியப் பொருள்களுக்கே விசேடம் வேண்டப்பட்டது. முற்றும் ஒத்தவற்றை நாள்தோறும் படைக்கும் கணினித் துறையில் அவ்வினா இன்று நடைமுறைச் சிக்கலாகவே எழுகிறது.

டெபியன் லினக்ஸ் சர்வர் ஒன்றில் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருள் ஒரே நேரத்தில் பல இயக்கங்களாக ஓடலாம்; தொழில்நுட்பர் இன்ஸ்டன்ஸ் எனக் குறிக்கும் இத்தகைய தனி இயக்கங்களுள் முதலாவது பொதுவாக 5432 என்னும் போர்ட் எண்ணையும் அடுத்தது 5433-ஐயும் பெறும். சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி இவை அனைத்திற்கும் ஒரே வார்ப்புருக் கோப்பை வைத்துக்கொண்டு, சேவைப் பெயரில் 'அட்' குறிக்குப் பின் வரும் பகுதியை மட்டும் உரிய இடங்களில் நிரப்பிக்கொள்கிறது. போஸ்ட்கிரெஸின் அமைப்புக் கோப்போ ஒவ்வோர் இயக்கத்திற்கும் தனித்தனியே இருப்பினும், பொதுவான கோப்பு ஒன்றை உள்ளே அழைக்கும் 'இன்க்ளூட்' வரி அதில் அனுமதிக்கப்படுகிறது. ஒரே அமைவு இருமுறை வந்தால் பின்னது செல்லும் என்பதால், பொதுக் கோப்பை முதலில் அழைத்து, அதன்கீழ் அவ்வியக்கத்திற்கே உரிய சில வரிகளை எழுதினால் போதும். இதை விடுத்து முழுக் கோப்பையும் படியெடுத்துத் திருத்துவது வேலைப்பளு பற்றிய பிழை மட்டுமன்று, கருத்துப் பிழையுமாகும். பலவற்றில் ஒன்றாய் நிற்பதே சாமானியம் என்பதால், படியெடுக்கப்பட்டபின் அது சாமானியமாக இராது. நூற்றுக்கணக்கான வரிகளில் எது எண்ணி மாற்றப்பட்டது, எது பழைய எச்சம் என்பதும் தெரியாது.

எனினும் போர்ட் எண்ணே ஓர் இயக்கத்தின் விசேடமாகிவிடுமா? அத்வைதிகள் இதை உபாதி, அதாவது ஒன்றைப் பலவாகத் தோற்றுவிக்கும் புற வரம்பு, என்பர். ஒரே நிரலின் இயக்கங்கள் பல ஓடினும் அதன் கட்டளைத் தொகுதி நினைவகத்தில் ஒரே பிரதியாகப் பகிரப்படுவது அவர்களுக்குச் சான்றாகத் தோன்றலாம். 5433 நாளை 5440 ஆனாலும் அது அதே தரவுத்தளமே என்பதால், போர்ட் எண் உபாதியே என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆயின், எல்லா வேறுபாடும் உபாதியே என்னும் முடிவை ஏற்க இயலாது.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் உருவாகும்போதே அதற்கு ஓர் அடையாள எண் அமைகிறது. முதன்மை இயக்கத்தின் நேர்ப்படியான துணை இயக்கத்திற்கும் அதே எண்தான். முதன்மை செயலிழந்து துணை அதன் இடத்தை ஏற்கும்போது, 'டைம்லைன்' எனப்படும் காலக்கோட்டு எண் ஒன்று கூடுகிறது. ஒரே மூலத்திலிருந்து வந்த இரண்டும் அந்தக் கணம் முதல் வெவ்வேறாகின்றன. பெயரும் போர்ட்டும் பிரிக்காததை நடந்தேறிய வரலாறு பிரித்துவிடுகிறது. பழைய முதன்மை அப்பிரிவுக்குப் பின் தனியே எதையேனும் எழுதியிருந்தால், அதைக் கைவிட்ட பின்னரே புதிய முதன்மையைப் பின்தொடர முடியும். அமைப்புக் கோப்பின் எந்த வரியை மாற்றினாலும் அந்நிபந்தனை நீங்குவதில்லை.