கருவி செய்யாத அறம்

நல்ல கருவியை வாங்கிவிட்டால் மனிதன் நல்லவனாகி விடுவானா? இந்தப் பழைய கேள்வியை இக்காலத்துக் கார் ஒன்று எனக்குப் புதிதாக எழுப்பியது.

மின்சாரத்திலும் பெட்ரோலிலும் ஓடும் இரட்டை வண்டி அது. 'பிளக்-இன் ஹைபிரிட்' என்கிறார்கள். இரவில் வீட்டிலேயே மின்சாரம் ஏற்றி வைத்தால், மறுநாள் அலுவலகம் போய்வர அது போதும். நெடும்பயணத்துக்குப் பெட்ரோல் உண்டு. எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு! புகை குறையும் என்று நம்பித்தான் ஐரோப்பிய அரசுகள் பலவும் அதற்கு வரிச் சலுகை தந்தன.

நடந்ததோ வேறு. 2021-ல் பதிவான ஏறக்குறைய 6 லட்சம் வண்டிகளின் கணக்கைத் திரட்டி, ஐரோப்பிய ஆணையம் 2024-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சோதனைக்கூடத்தில் கண்டதைப்போல் சராசரி மூன்றரை மடங்கு கரியமில வாயுவை இந்த இரட்டை வண்டிகள் வீதியில் கக்கியிருந்தன. எதிர்பார்த்த அளவுக்கு உடையவர்கள் மின்சாரம் ஏற்றவில்லை என்பதே முக்கியக் காரணம்.

அவர்களை எல்லாம் கபடர்கள் என்று ஏச எனக்கு மனம் வரவில்லை. மாடிக் குடியிருப்பில் வாழ்பவனுக்குக் காரருகே மின்சார வசதி இல்லாதிருக்கலாம். பெட்ரோலுக்கு நிறுவனம் பணம் தந்து, வீட்டு மின்சாரத்துக்குத் தானே கட்ட வேண்டியிருந்தால், யாருடைய கைதான் எதை நாடும்? வாங்கியதற்குப் பரிசளித்து, பயன்படுத்தினானா என்று கேளாமல் விட்ட சட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2025 முதல் ஐரோப்பா அந்தச் சோதனைக் கணக்கைக் கடுமையாக்கத் தொடங்கியது நல்லதே.

ஆனால் இடமும் வசதியும் இருந்தும், சோம்பலால் மின்சாரம் ஏற்றாதவன்? அவனைப் பற்றித்தான் என் கவலை. காரை வாங்கிய அன்றே கடமை முடிந்ததாக அவன் மனம் நிறைந்துவிட்டது. பழைய வண்டிக்காரனுக்காவது தான் புகை விடுவது தெரியும். இவனுக்கு அந்த உறுத்தலும் இல்லை. அறம் என்பது வாங்கி வைக்கும் பொருளன்று. அன்றாடம் செய்ய வேண்டிய சிறு வேலை.

முழு மின்சாரக் காரில் இந்தத் தொல்லை இல்லை. மின்சாரம் ஏற்றாவிட்டால் அது நகராது. நார்வேயில் 2024-ல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது அத்தகையவை. உலகமும் அவ்வழியே போகலாம், போகட்டும். அப்போது மனிதன் திருந்தியிருப்பானா, தவறும் வழி அவனுக்கு அடைபட்டிருக்குமா? காற்றுக்கு இரண்டும் ஒன்றே. மனிதனுக்கு அப்படியல்ல.