மரத்துள் ஓடும் அலை



சந்திரகிரிக்கு மேலே சேஷாசல மலைச் சரிவுகளில் செம்மரம் வளர்கிறது. திருப்பதி மரப்பாச்சி மரபாய் அதிற் பிறந்ததே. சில மரங்களில் மாத்திரம் உள்வரி நேரே ஓடாமல் அலையலையாய் நெளியும். அவ்வலைக்கே விலை மிகுதி. ஜப்பானியர் ஷாமிசென் என்னும் நரம்புக் கருவியின் கழுத்தைச் செம்மரத்தில் செய்வர். பட்டையைப் பார்த்து அலையை எளிதில் அறிய இயலாது.

அதைக் காண்பதும் காப்பதும் கடைசற்காரன் பொறுமை. ஆலையில் இரும்பு கடைந்த நான், மரங்கடைபவன் அருகே நின்று கற்றேன். கிண்ணத்துக்கென எடுத்த கட்டையின் நட்டநடுவை விலக்கியே அவன் பிளப்பான். வெடிப்பு அங்கேதான் தொடங்கும். கிளை பிரியும் கவட்டையும் முடிச்சையும் வீணாக்கான். கோலம் அங்கே சுழலும். பச்சை மரத்தை ஒரேயடியாக மெலிய விடான். பத்து அங்குலக் கிண்ணத்துக்கு ஓரம் ஓர் அங்குலம் தடிக்க விட்டு, வரி அறுபட்ட முனைகளில் மெழுகு பூசி, நிழலில் மாதக்கணக்காய் உலர்த்துவான். அது கோணும், கோணட்டும் என்றிருப்பான். பின்பு மறுபடி ஏற்றி, கூர்தீட்டிய உளியால் மெல்லச் சீவுவான். மழுங்கிய உளி நாரைப் பிய்க்கும். பிய்ந்தவிடத்தில் எண்ணெய் கறுத்தேறிக் கோலம் கலங்கும். உப்புத்தாளால் மறைத்துவிடலாம் என்பது சோம்பேறியின் நம்பிக்கை.

வினய பிடகத்திலும் ஒரு மரக்கிண்ணம் உண்டு. இராஜகிருகத்துச் செட்டி ஒருவனுக்கு விலையுயர்ந்த சந்தனக்கட்டை கிடைத்தது. பாலி மூலம் அதனைக் ‘கண்டி’, அதாவது முடிச்சு, என்கிறது. சீவலைத் தனக்கு வைத்துக்கொண்டு, பாத்திரத்தை மூங்கில் நுனியில் தொங்கவிட்டு, அருகதர் எவரேனும் இருப்பின் இறக்கிக்கொள்க என்றான். பிண்டோல பாரத்துவாசர் இருத்தியால் வானிலெழுந்து எடுத்தார், ஊர் ஆரவாரித்தது. பகவன் அவரைக் கடிந்தார். பாத்திரத்தை உடைத்து, கண்ணுக்கிடும் அஞ்சனத்தோடு அரைக்கப் பிக்குகளுக்குப் பங்கிடச் சொன்னார். மரப்பாத்திரமே கூடாதென விதித்தார்.

அத்தனை அழகிய முடிச்சை உடைப்பதா என்று நான் பலநாள் வருந்தியதுண்டு. சந்திரகிரிக் காட்டை எண்ணியபின் அவ்வருத்தம் நீங்கிற்று. நுனியில் விலை தொங்கினால் ஏறுவோர் இருப்பர், ஏற்றிவிடுவோரும் இருப்பர். 2015 ஏப்ரல் 7 அன்று அக்காட்டில் காவற்படையின் துப்பாக்கிச் சூட்டில் 20 தமிழ்த் தொழிலாளர் மாண்டனர். திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்தார் பலர். மலைவாழ் மக்களும் அவர்களுள் இருந்தனர். நடந்தது மோதலா, கொலையா என்ற வழக்கை நான் இங்கே தீர்க்க வரவில்லை. கூலிக்குச் செம்மரம் வெட்டுவோர் வெளிற்றைச் செதுக்கித் தள்ளி, வைரத்தை மட்டும் தோளில் சுமந்து இறங்குவர். அந்தக் கட்டைக்குள் அலை ஓடுகிறதா இல்லையா என்பதைச் சுமந்தவர் கண்டதில்லை.