விற்றவனுக்கு என்ன கடமை?

காசு கொடுத்து வாங்கிய பொருள் நம்முடையதுதானா? இப்படிக் கேட்டால் பைத்தியம் என்பார்கள். ரசீது அலமாரியில் இருக்கிறது, பொருள் மேஜைமேல் இருக்கிறது. இதற்குமேல் என்ன சந்தேகம்? ஆனாலும் ஒரு பழைய லேப்டாப் காரணமாகச் சில வருஷங்களுக்கு முன் எனக்குள் புகுந்த இந்தச் சந்தேகம் இன்னும் என்னை விட்டபாடில்லை.

அந்த லேப்டாப்புக்கு ஒரு குறையும் இல்லை. என்னுடைய இரண்டு நாவல்கள் அதில்தான் உருவாயின. அதிலிருந்த பழைய விண்டோஸை எடுத்துவிட்டு விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்தான் என் தங்கை மகன். போட்டு முடித்ததும் பார்க்கிறேன்: எழுத்துக்களை யாரோ இரு பக்கமும் பிடித்து இழுத்ததுபோல் இருந்தன. திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசை அசைந்து கொடுக்கவில்லை. சினிமா ஓடவிட்டால் தவளைபோல் தத்தித் தத்திப் போயிற்று. வீடியோ கார்டு செத்துப்போய்விட்டதா என்று கேட்டேன்.

"இல்லே மாமா, கார்டு நல்லாத்தான் இருக்கு. டிரைவர்தான் இல்லே" என்றான்.

டிரைவர் என்றதும் பஸ் ஓட்டுகிறவர் நினைவுக்கு வருவது இயல்பு. இந்த டிரைவரின் தொழில் வேறு. இவர் ஒரு துபாஷி. புதுச்சேரியில் துய்ப்ளேக்சுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை எப்படியோ, விண்டோஸுக்கும் வீடியோ கார்டுக்கும் நடுவில் இவர் அப்படி. கார்டின் பாஷை விண்டோஸுக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரு சிறு புரோகிராம் நடுவே நின்று பேச வேண்டும். அது இல்லாவிட்டால் எந்தக் கார்டுக்கும் பொதுவான நாலு சைகைகளை வைத்துக்கொண்டு விண்டோஸ் காலம் தள்ளும். படம் வரையப் பிறந்த கார்டு சும்மா உட்கார்ந்திருக்க, அதன் வேலையெல்லாம் பிரதான பிராசஸரின் தலையில் விழும். தவளை ஓட்டத்துக்குக் காரணம் அதுதான்.

லேப்டாப் செய்த கம்பெனி இந்த மாதிரிக்கு விண்டோஸ் 7க்கு மேல் எதுவும் தரவில்லை. கார்டு செய்த கம்பெனியின் டிரைவரை எடுத்து ஓட்டினால், "பொருத்தமான கார்டு இந்த இயந்திரத்தில் இல்லை" என்றது. இருக்கிற கார்டை இல்லை என்று சொல்லும் துணிச்சல் சாட்சிக்கூண்டில் ஏறுகிறவர்களுக்குக்கூட எளிதில் வராது!

பையன் விடவில்லை. டிரைவர் மூட்டைக்குள் ஐ.என்.எஃப். என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது. அது ரகசியமல்ல, யாரும் திறந்து படிக்கக்கூடிய வெறும் எழுத்து. ஒவ்வொரு கார்டுக்கும் ஓர் எண் உண்டு. முதலில் செய்தவரின் எண். இன்டெல் கம்பெனிக்கு 8086, 1978இல் அவர்கள் செய்த பிரசித்தமான பிராசஸரின் பெயரையே தங்கள் அடையாள எண்ணாக வைத்துக்கொண்டார்கள். பிறகு கார்டின் எண், அப்புறம் அதை எந்த லேப்டாப்காரர் பொருத்தினார் என்பதற்கு ஓர் எண். அந்தக் கோப்பில் யார் யாரை உள்ளே விடலாம் என்று ஒரு பட்டியல். கல்யாண வீட்டு வாசலில் பட்டியலோடு ஒருவரை நிறுத்தி வைப்பதுபோல. எங்கள் கார்டின் எண் அதில் இல்லை, அவ்வளவுதான் விஷயம். பையன் ஒரு வரியைச் சேர்த்தான். உடனே விண்டோஸ், கோப்பு திருத்தப்பட்டிருக்கிறது, கையொப்பம் செல்லாது என்றது. அந்தக் கையொப்பச் சோதனையை ஒரு தடவைக்கு மட்டும் நிறுத்தி வைக்க வழி உண்டு. நிறுத்தினான். டிரைவர் ஏறியது. எழுத்துக்கள் அச்சில் வார்த்ததுபோல் வந்து நின்றன.

சந்தோஷப்பட வேண்டிய நான் அன்றிரவு தூங்காமல் புரண்டேன். என் கார்டோடு பேசத் தெரிந்த துபாஷி முன்பே அந்த மூட்டைக்குள் இருந்திருக்கிறார். பேசாதே என்று ஒரு பட்டியல் அவர் வாயைக் கட்டியிருக்கிறது. அப்படியானால் அது இயலாமையா, மறுப்பா?

கம்பெனியின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். சூடு, வெளிச்சம், பாட்டரி எல்லாவற்றையும் ஒவ்வொரு லேப்டாப்புக்கும் தனித்தனியே சோதிக்க ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். சோதிக்காததைக் கொடுத்து இயந்திரம் கெட்டால் பழி யார்மேல்? கையொப்பத்துக்கும் நியாயம் இருக்கிறது. டிரைவர் வேஷத்தில் ஒரு திருடன் நுழைந்தால் அவன் நிற்கும் இடம் வாசல் திண்ணையல்ல, பூஜை அறை. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. பசுவை விற்றவன், "வலப்பக்கம் உட்கார்ந்து கறந்தால் உதைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போகிறான். ஆயுசு பூராவும் வந்து புல் பிடுங்கிப் போட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் அந்தப் பசு என்ன தின்னும் என்பது என் ரகசியம், நீயாகக் கண்டுபிடிக்கவும் கூடாது என்று அவன் சொல்லிவிட்டுப் போனால்? பராமரிக்க முடியாது என்பது ஒன்று. பராமரிக்க வருகிறவனைத் தடுப்பது வேறொன்று. முதலாவதை நான் மன்னித்துவிடுவேன்.

இந்தச் சண்டை பழையது. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சிக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன், அடிக்கடி காகிதம் சிக்கும் ஒரு லேசர் அச்சு இயந்திரத்துக்கான புரோகிராமின் மூலத்தைக் கேட்டார். அது இருந்தால் சிக்கியதும் தகவல் வரும்படி அவரே திருத்தியிருப்பார். கொடுக்க மாட்டேன் என்றார்கள். 1983இல் அவர் அறிவித்த குனு இயக்கத்தின் பின்னால் அந்தக் கோபமும் இருக்கிறது.

என்விடியா கார்டுகளின் கதையில் இரண்டு பக்கமும் தெரிகிறது. 2006இல் வந்த ஜீஃபோர்ஸ் 8 வரிசைக்கு அந்தக் கம்பெனி 2019 கடைசி வரை டிரைவர் கொடுத்தது. பதின்மூன்று வருஷம்! குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் கார்டின் பாஷையை அது வெளியிடவில்லை. லினக்ஸ்காரர்கள் சிலர், மூடிய டிரைவர் கார்டுக்குள் என்னென்ன எண்களை எழுதுகிறது என்று ஒட்டுக் கேட்டுக் கேட்டே அந்தப் பாஷையைக் கற்றார்கள். சுவருக்கு அப்பால் நடக்கும் பேச்சைக் கேட்டு இலக்கணம் எழுதியதுபோல. நூவோ என்ற பெயரில் அவர்கள் செய்த டிரைவர் 2010இல் லினக்ஸில் சேர்ந்தது. கம்பெனி கைவிட்ட கார்டுகளில் இன்றும் படம் காட்டுகிறது. பிறகு 2014இல் வந்த கார்டுகளிலிருந்து, கம்பெனி கையொப்பமிட்ட புரோகிராம் இல்லாமல் கார்டை அதன் முழு வேகத்துக்கு எழுப்ப முடியாதபடி பூட்டு விழுந்தது. ஏ.எம்.டி.யோ 2007இலேயே தன் கார்டுகளின் விவரங்களை வெளியிட ஆரம்பித்திருந்தது. 2022இல் என்விடியாவும் கொஞ்சம் இறங்கி வந்து, 2018க்குப் பிந்திய கார்டுகளுக்கு டிரைவரின் ஒரு பகுதியைத் திறந்துவிட்டது. நடுவில் சிக்கிய கார்டுகளை வாங்கியவர்கள் கொடுத்ததும் இதே காசுதான்.

சட்டமும் மெதுவாக இந்தப் பக்கம் வருகிறது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய யூனியனில் ஒரு போன் மாதிரியையோ டேப்லெட் மாதிரியையோ விற்பதை நிறுத்திய பிறகும், கம்பெனி குறைந்தது ஐந்து வருஷம் அதன் புரோகிராமைப் புதுப்பித்துத் தர வேண்டும். எத்தனை வருஷம் என்று எண்ணிச் சொல்கிறது சட்டம். அந்த வருஷங்கள் முடிந்த மறுநாள் சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்பதே என் கேள்வி. லேப்டாப்புகள் அந்தச் சட்டத்துக்குள் வரவும் இல்லை.